குல்லாவின் அளவை யார் சொல்வது?

பச்சிளம் குழந்தைகளுக்குக் குல்லா பின்னித் தரும் தொண்டுக்குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் சிகாகோவில் தொடங்கிய சிவப்புக் குல்லாத் திட்டம் அத்தகைய முயற்சிகளில் ஒன்று. பிப்ரவரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் பின்னிய குல்லாக்களைத் தந்து, பிறவி இதயக் குறைபாடு பற்றிப் பெற்றோருக்குச் சொல்வது அதன் நோக்கமாக இருந்தது. பின்னுபவர்களுக்கு அங்கே நிபந்தனைகள் இருந்தன: பருத்தி அல்லது அக்ரிலிக் நூல்தான் வேண்டும், இயந்திரத்தில் துவைத்தால் தாங்க வேண்டும், பொத்தானும் ரிப்பனும் வைக்கக் கூடாது. பிய்ந்து வரும் பொத்தான் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கைத்திறன் உள்ளவருக்கு ஒரு பூவாவது வைத்து அழகுபார்க்கத் தோன்றும். அந்த ஆசையைக் குழந்தைக்காக விட்டுக்கொடுக்கும் இடத்தில்தான் பொழுதுபோக்கு கொடையாகிறது. கொடுப்பவரின் நல்ல மனத்தை மட்டும் வைத்துக் கொடையை எடைபோட முடியாது. பெறுபவரின் தேவைக்கு அவர் எவ்வளவு கட்டுப்படுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் குல்லாவே கேள்விக்கு உள்ளாகும். பச்சிளம் குழந்தையின் உடலில் தலை பெரிய பங்கு என்பதால் அதன் வழியே வெப்பம் வெகுவாக இழக்கப்படுகிறது. பிறந்ததும் உடலைத் துடைத்துக் குல்லா போடுவது அதனால்தான். ஆனால் தாயின் மார்போடு அணைத்து வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகள் சுமார் 300 பேரை ஆப்பிரிக்காவின் மூன்று மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. கம்பளிக் குல்லா தீங்கு செய்யவில்லை. உடல் வெப்பத்தைக் காப்பதில் கூடுதல் பயனும் தரவில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்விலோ, 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் தோலோடு சேர்த்து வைத்ததில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. முதல் சில மணி நேரம் கழிந்தபின் வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் அறிவுறுத்தியது. உடல் சூடு அளவுக்கு மீறிவிடும் என்பது அதன் கவலை. ஆகவே ‘ஒரு குல்லா ஓர் உயிரைக் காக்கும்’ என்று சொல்லிப் பின்னச் சொல்வது தவறு. பின்னுபவரின் உழைப்பைப் பொய்யைக் காட்டி வாங்கக் கூடாது.

அப்படியானால் நூல் வாங்கும் பணத்தையும் அஞ்சல் செலவையும் அப்படியே மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே என்பார்கள். தொலைதூர நாட்டுக்குப் பெட்டி அனுப்புவோர் விஷயத்தில் இது சரியான வாதம். அனுப்பும் செலவில் அந்த ஊரிலேயே குல்லா வாங்கலாம், அங்குள்ள பின்னல்காரருக்கும் கூலி கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் உடுத்தாத பழைய துணிகள் குவிந்து கிடந்தன. கேட்காமல் அனுப்புவது என்ன ஆகும் என்பதைத் தமிழகம் அப்போதே பார்த்துவிட்டது. ஆனால் அந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி மாலையில் இரண்டு மணி நேரம் பின்னுகிறார் என்றால், அந்த நேரத்துக்கு ஈடான பணம் அவர் கையில் இல்லை. அவரால் தர முடிவது உழைப்பு மட்டுமே. அந்த உழைப்பு பக்கத்து மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போகுமானால், அஞ்சல் செலவு என்ற பேச்சே இல்லை.

அன்பாகக் கொடுப்பவரிடம் இத்தனை கண்டிப்பு வேண்டுமா, மனம் நொந்து விட்டுவிட மாட்டாரா என்ற மறுப்பும் உண்டு. மனம் நோகலாம். கூடிப் பின்னுவதில் கிடைக்கும் மகிழ்ச்சியும் தோழமையும் உண்மையானவை. தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு அவை பெரும் துணை. அந்த மகிழ்ச்சி கொடையைக் கறைப்படுத்துவதில்லை. குழந்தையின் தேவையை அது தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் கோளாறு. வேண்டாத நூறு குல்லாக்களைத் தரம் பிரிப்பதும் அடுக்கி வைப்பதும் வார்டில் ஏற்கெனவே ஓய்வில்லாமல் நிற்கும் செவிலியர் தலையில் விழும் வேலை. எனவே முதல் கண்ணி போடுமுன் அவரிடம் கேட்க வேண்டும்: எத்தனை, எந்த அளவு, எந்த நூல். குல்லா போதும், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் துணிதான் பற்றவில்லை என்று அவர் சொன்னால், குழு பின்னல் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பருத்தித் துணி வெட்டித் தைக்க உட்கார வேண்டும்.