குனிபவர்க்கே கிடைக்கும் கனி

தேவாரத்தில் பொழுது புலருமுன்னே ஜீப்புகள் மலையை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். அவர்களுள் ஒருவர் ஒருநாள் மாலை என்னிடம், “செபமாலை சொல்ல ஆரம்பிச்சா மூணாவது தேவ இரகசியத்துக்குள்ள தூங்கிப் போறேன் சாமி. தினம் பூசைக்கும் வர முடியலை. எங்களுக்கெல்லாம் ஆன்மீகம் ஏது?” என்றார்.

அக்கேள்வி என்னைத் தைத்தது. ஆலயத்திற்கு அடிக்கடி வருவோரையே ஆன்மீகச் செல்வர்கள் எனப் பீடத்தில் நின்று பாராட்டியவன் நான். அதே வாரத்தில், காய்ச்சலில் விழுந்த வேற்றுச் சாதித் தோழியை மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு நாள் கூலியை இழந்து, அவர் அருகிலேயே இருந்தவர் இப்பெண் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆன்மீகம் என்பது யாது? உடலை வெறுத்து உலகை விட்டு விலகுவதே ஆன்மீகம் எனப் பலர் எண்ணுகின்றனர். தூய பவுல் எதிரெதிரே நிறுத்துவது ஆன்மாவையும் உடலையும் அன்று. தூய ஆவியையும் ஊனியல்பையுமே. கலாத்தியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் அவர் அடுக்கும் ஊனியல்பின் செயல்களில் சரிபாதிக்கு மேற்பட்டவை பகைமை, பொறாமை, கட்சி மனப்பான்மை, பிளவு என மனிதரை மனிதரிடமிருந்து பிரிப்பவை. ஆவியின் கனிகளிலோ முதலிடம் அன்புக்கே. அப்படியாயின், செபக்கூட்டத்தில் கண்ணீர் வடித்துவிட்டு, திருவிழாத் தேர் எத்தெருவில் நுழையலாகாது என வாதிடுபவர் யார்? கூலியைக் குறைத்துக் கொடுத்து, மிஞ்சிய பணத்தில் ஆலயத்திற்கு விளக்கு வாங்கித் தருபவர் யார்?

தூய வாழ்வுக்கான அழைப்பு அனைவர்க்கும் உரியது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் அறிவித்தது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மணமானவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின் சாதி பாராது எல்லாரோடும் பழகினார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் செபம் வேண்டாமா? வேண்டும். வேரின்றிக் கனியேது? செபத்தில் வேர்கொள்ளாத தொண்டு விரைவில் தற்பெருமையாகிவிடும். ஆயினும் வேரின் நலத்தைக் கனியைக் கொண்டே அறிகிறோம்.

ஏலச்செடி ஆளுயரத்தைக் கடந்து வளர்ந்தாலும் அதன் காய்கள் உச்சியில் தோன்றுவதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், மண்ணையொட்டியே காய்க்கின்றன. குனிபவர்க்கே அவை கிடைக்கும். சீடர்களின் பாதங்களைக் கழுவக் குனிந்தவரல்லவா நம் ஆண்டவர்!

அடுத்த ஞாயிறன்று அப்பெண்ணைக் கண்டபோது நான் சொன்னது இவ்வளவே: “நீங்கள் தூக்கத்தில் விட்ட செபமாலையை மருத்துவமனையில் சொல்லி முடித்துவிட்டீர்கள், அம்மா.”