ஆய்வின் தொகையும் ஆய்வாளன் கடனும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் வீதியில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் மனனஞ் செய்தோர் அருகிவந்தமை அதற்குக் காரணமாகக் கூறப்படும். வாய்மொழி மரபில் ஒரு காப்பு இருந்தது. பலர் கூடி ஓதுகையில் ஒருவர் பிழை மற்றவர் செவிக்குத் தப்புவது அரிது. ஏட்டுக்கோ செவியில்லை, எழுதியவனின் நேர்மையையே அது பெரிதும் நம்பி நிற்கின்றது.

இக்கால விஞ்ஞானமும் ஏட்டை நம்பியே இயங்குகின்றது. ஓர் ஆய்வாளன் அறிவுலகிற்கு அளித்தது யாது என வினவின், அவன் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது. இத்தொகை எதனை அளக்கின்றது? இதயக் கலங்கள் பற்றிய ஆய்வு வரலாற்றின் இரு நிகழ்ச்சிகள் இவ்வினாவை ஆராயத் துணைபுரிவன.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சிட்னி றிங்கர் 1882இல் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இயங்கவைத்து, தம் முடிபுகளை வெளியிட்டார். பின்னரே ஓர் உண்மை தெரியவந்தது. கரைசல் காய்ச்சி வடித்த நீரிலன்றி, நகரின் குழாய் நீரிலேயே தயாரிக்கப்பட்டிருந்தது. தூய நீரில் மீண்டும் செய்தபோது இதயம் விரைவில் தளர்ந்து நின்றது. குழாய் நீரிலிருந்த கல்சியமே அதனை இயக்கியது! 1883இல் அவர் இதனை ஒளிவின்றி எழுதினார். இதயக் கலத்தினுட் சிறிதளவு கல்சியம் புகுதலும், அது கலத்தின் உட்களஞ்சியத்திலுள்ள பெருமளவு கல்சியத்தை விடுவித்தலும், அதனாற் தசை சுருங்குதலுமாகிய சமிக்ஞைத் தொடர் இன்று மாணவர் யாவரும் கற்பது. அதன் தொடக்கம் ஒருவர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட கட்டுரையாகும்.

மற்றையது அண்மைக் காலத்தது. பியறோ அன்வேர்சா என்பாரின் குழுவினர், சி-கிற் எனும் சமிக்ஞை வாங்கியைத் தாங்கிய என்புமச்சைக் கலங்கள் சிதைந்த எலியிதயத்தைப் புதுப்பிக்கும் என 2001இல் அறிவித்தனர். 2004இல் வேறிரு குழுவினர் அவ்வாறு நிகழக் காணவில்லை என எழுதினர். ஆயினும் கட்டுரைகள் பெருகின, நிதி பெருகியது, அவர் ஹாவாட் மருத்துவக் கல்லூரிசார் மருத்துவமனையொன்றில் பெரிய ஆய்வுகூடத்திற்குத் தலைவரானார். 2017இல் அம்மருத்துவமனையும் அதன் தாய் நிறுவனமும் அமெரிக்க அரசுக்கு 1 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. 2018இல், பொய்யான அல்லது புனையப்பட்ட தரவுகள் உள்ளன எனக் கூறி, 31 கட்டுரைகளை மீளப்பெறுமாறு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் பரிந்துரைத்தன. அக்கருத்தின் வழிவந்த சிகிச்சையை இதயநோயாளரிடம் சோதித்த ஆய்வொன்றும் அவ்வாண்டு இடைநிறுத்தப்பட்டது. நம்பித் தம் உடலை ஒப்படைத்தோர் எந்தத் தொகையிலும் எண்ணப்படாதவர்.

குற்றம் புனைந்தவனுடையதே, எண்ணும் முறையின்மீது அதனைச் சுமத்திவிடுதல் பொருந்தாது. ஆயினும் மறுத்தெழுதிய இரு குழுவினரின் சொல் பதினான்கு ஆண்டுகள் வலுவிழந்து கிடந்ததேன்? 'இல்லை' எனக் காட்டும் கட்டுரைக்கு 'உண்டு' எனக் கூறுங் கட்டுரையின் மதிப்பு வாய்ப்பதில்லை என்பதே காரணம் எனலாம்.

எனின், எண்ணுதலையே கைவிடலாமோ? இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியர் பதவியுயர்வுக்கு வெளியீடுகளுக்குப் புள்ளி வழங்கும் முறை உண்டு. இதனை ஏளனஞ் செய்தல் எளிது. எண் இல்லாத இடத்தில் உறவும் ஊரும் சாதியும் வந்தமரும் என்பதை மறத்தலாகாது. மாத்தளையின் தோட்டக் குடியிருப்பிலிருந்து படித்து வருபவனை யார் மகன் என்று எண் கேட்பதில்லை. அவனுக்கு அது கேடயம். அதே எண், திருத்தம் எழுதவேண்டிய வேளையில் அவன் கையைத் தடுக்கவும் கூடும். பத்தில் ஒன்றை மீளப்பெறுபவனுக்கு ஒன்பதே எஞ்சும்.

றிங்கரின் இரு கட்டுரைகளும் அத்தகைய கணக்கில் இரண்டு எனவே பதியப்படும். இரண்டாவது முதலாவதைத் திருத்தியது என்பதை எழுத அங்கு நிரல் எதுவுமில்லை.