விளையாட்டுக்கு மீன் பிடிக்கலாமா?

கடல் மீன் நமக்கு ஹலால் என்பதில் நம்மில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆட்டையும் கோழியையும் முறைப்படி அறுக்க வேண்டும். மீனுக்கு அதுவும் வேண்டியதில்லை. இஹ்ராம் கட்டிய ஹாஜிக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை அப்பொழுதும் ஆகுமாக்கப்பட்டிருப்பதை ‘மாயிதா’ அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஓதியவர்கள் அறிவார்கள். இவ்வளவு தாராளமாகத் திறந்துவிடப்பட்ட வாசலில் நின்றுகொண்டு, “மீன் பிடிப்பதில் குற்றம் உண்டா?” என்று கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம்.

ஆனால் நாம் கேட்க வந்தது தின்பதைப் பற்றியல்ல. பசிக்காகவும் இல்லாமல், பிழைப்புக்காகவும் இல்லாமல், பொழுது போவதற்காக ஒருவன் தூண்டில் போடுகிறானே, அவனுடைய கணக்கு என்ன? அந்த வாசல் அவனுக்கும் திறந்ததுதானா? இதுவே கேள்வி. நாம் ஆலிம்கள் அல்ல. பத்வா கொடுக்க வரவில்லை. கல்லாப் பெட்டியின் முன் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கும் கூட்டம் நாம். ஆகவே இந்தக் காரியத்தையும் வரவு வேறு, செலவு வேறாக எழுதிப் பார்ப்போம்.

உதாரணத்தை நம் ஊரிலிருந்து எடுக்கவில்லை. நம் ஊர்க் காரியமென்றால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். தூரத்துக் காரியமென்றால் தராசு ஒரு பக்கம் சாயாது. டின்னில் அடைபட்டு நம் கடைகளுக்கு வரும் சால்மன் மீனை எல்லோரும் அறிவோம். அந்த மீன் இயற்கையாக வாழும் இடங்களில் ஒன்று கனடா தேசத்தின் மேற்குக் கரை. அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜார்ஜியா ஜலசந்தி என்று ஒரு கடல் இருக்கிறது. அந்தக் கடலில் சிறு படகுகளில் போய்ச் சால்மன் பிடிப்பது அவ்வூர் மக்களுக்குப் பெரும் பொழுதுபோக்கு.

அந்த மீனின் பிறப்பும் இறப்பும் ஓர் அத்தாட்சி. ஆற்றின் நன்னீரில் முட்டையிலிருந்து வெளிவந்து, கடலுக்குப் போய், உப்பு நீரில் சில ஆண்டுகள் தின்று பெருத்து, பிறகு தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வருகிறது. அங்கே முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. வழி காட்டியவன் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வினத்தில் பெரியது சினூக். அதைவிடச் சிறியது கோஹோ. இவை ஆற்றுக்குள் ஏறுமுன், கடலில் இரை தேடித் திரியும் வேளையில்தான் படகுக்காரர்கள் பிடிக்கிறார்கள். கனத்த ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி ஆழத்தில் இறக்கி, அதனோடு தூண்டில் கயிற்றையும் தாழ்த்தி, மின்னும் தகடொன்றும் ஹெர்ரிங் என்னும் சிறு மீனும் இரையாகக் காட்டிப் படகை மெதுவாக ஓட்டுவார்கள். மீன் கவ்வியதும் கயிறு குண்டைவிட்டு விடுபடும். பிறகு மனிதனுக்கும் மீனுக்கும் இழுபறி. அந்த இழுபறிதான் அவர்கள் தேடிப் போகும் இன்பம்.

வியாபாரிகளாகிய நமக்கு முதலில் வியப்பைத் தருவது ஒன்றுண்டு. இப்படிப் பிடித்த மீனை விற்கக் கூடாது. விளையாட்டு அனுமதிச் சீட்டில் பிடித்தது விலைக்குப் போனால் சட்டப்படி குற்றம். படகு, எஞ்சின், எண்ணெய், தூண்டில், அனுமதிச் சீட்டு எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து, விடியற்காலைக் குளிரில் கடலுக்குப் போய், இரண்டு மீன் கொண்டுவருகிறவன், அதே மீனைச் சந்தையில் வாங்கியிருந்தால் செலவு மிகவும் குறைவு. அப்படியானால் அவன் பணம் கொடுத்து வாங்கியது மீனை அல்ல, சந்தோஷத்தை. அந்தச் சந்தோஷத்துக்கு விலையாக ஓர் உயிரும் சேர்ந்து போகிறது. இந்தக் கொள்முதல் சரியா?

சந்தோஷம் வந்துவிட்டது என்பதற்காகவே ஒரு காரியம் கெட்டுவிடாது. தன் கையால் தேடிய உணவில் மகிழ்ச்சி அடைவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஒருவன் கடலுக்குப் போய் இரண்டு மீன் பிடித்து, சுத்தமாகக் கொன்று, ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, தன் மனைவி மக்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்து உண்டால் அதிலே என்ன பழுது? காற்று வாங்கினான், அல்லாஹ்வின் படைப்பைக் கண்டான், வீட்டுக்கு உணவும் கொண்டுவந்தான். நிய்யத் உணவாக இருக்க, இன்பம் அதனோடு கூட வந்தது. இதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடுவோரும் அங்கே உண்டு. இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். அளவுக்குச் சிறிய மீன், அல்லது சட்டம் காப்பாற்றச் சொன்ன மீன் தூண்டிலில் அகப்பட்டால் விட்டேயாக வேண்டும். பண்ணையில் பொரிக்கவைத்து ஆற்றில் விட்ட கோஹோ மீன்களுக்கு முதுகின் பின்புறமுள்ள சிறு துடுப்பை வெட்டி அடையாளம் வைப்பது வழக்கம். பல இடங்களில் அடையாளமுள்ளதை வைத்துக்கொள்ளலாம். இயற்கையாகப் பிறந்ததை விட்டுவிட வேண்டும். இப்படி விடுவது கட்டுப்பாடு, அது நல்லதே. மற்றொரு வகை, வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம், இழுபறி மட்டும் போதும் என்று, பிடித்துப் பிடித்து விடுவது. இதைச் செய்கிறவர் தம்மை இரக்கமுள்ளவர் என்று எண்ணிக்கொள்கிறார். “நான்தான் கொல்லவில்லையே! உயிரோடுதானே அனுப்பினேன்!” என்கிறார்.

அவருடைய கட்சியையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். கொக்கியில் முள் இருக்கக் கூடாது என்பது அந்த மாகாணத்தில் சால்மன் பிடிப்போருக்குச் சட்டம். மீனுக்குக் காயம் குறையட்டும் என்பதற்காகவே அது. சால்மனை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தனியாக ஒரு முத்திரைச் சீட்டு வாங்குகிறார். அந்தப் பணம் மீன்குலத்தைப் பெருக்கும் வேலைக்குப் போகிறது. 1976இல் மறைந்த ராடெரிக் ஹெய்க்-பிரவுன் என்பவர் கேம்பெல் ரிவர் ஊரில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர்; பெரிய தூண்டில்காரர்; ஆறுகளைக் காப்பதற்காக ஆயுள் முழுதும் எழுதியும் வாதாடியும் வந்தவர். மீனைத் தேடிப் போனவரே மீனுக்குக் காவலாகவும் நின்றார் என்பதை மறுக்க முடியாது.

இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை. விடப்படும் மீன்கள் எல்லாமே பிழைப்பதில்லை. செவுளில் கொக்கி ஏறியதும், செதில் உதிர்ந்ததும், வெளியே அதிக நேரம் வைத்திருந்ததும் நீருக்குள் போய் மடிவதுண்டு. அந்த மரணம் விட்டவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவர் ஏட்டில் அது பதிவாவதும் இல்லை. உண்டால் உணவாகியிருக்கும் உயிர் எவருக்கும் உதவாமல் போயிற்று. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, ‘இவன் என்னைப் பயனுக்காகக் கொல்லவில்லை’ என்று மறுமையில் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் வரும் ஹதீஸை நாம் பள்ளியில் கேட்டிருக்கிறோம். குருவிக்கு உள்ள வழக்கு மீனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மீனுக்கு நோவு தெரியுமா என்று படித்தவர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கு முடிகிற வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகமானதை விட்டு விலகுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். கெட்டுப்போனதோ என்று ஐயம் வந்த சரக்கை, ‘நிரூபணம் ஆகட்டும்’ என்று சொல்லி நல்ல வியாபாரி விற்பானா?

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை சில வாலிபர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடுவதைக் கண்டு வன்மையாகக் கண்டித்தார்கள். உயிருள்ளதை இலக்காக வைப்போரைப் பெருமானார் (ஸல்) சபித்திருப்பதை எடுத்துச் சொன்னார்கள். அந்தச் செய்தியில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குறி தவறிய அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று வாலிபர்கள் பேசிவைத்திருந்தார்கள். அதாவது, விலை கொடுத்துத்தான் விளையாடினார்கள், சொந்தக்காரனும் சம்மதித்தான். அப்படியும் அது ஆகுமானதாகவில்லை. பணம் கட்டிவிட்டோம், சீட்டு வாங்கிவிட்டோம் என்பது எல்லாவற்றுக்கும் பதிலாகாது.

கேம்பெல் ரிவரில் 1924இல் ஏற்பட்ட டையீ சங்கம் என்று ஒன்றிருக்கிறது. 30 ராத்தலுக்குக் குறையாத சினூக்கை ‘டையீ’ என்பார்கள். அதைத் துடுப்புப் படகில்தான் போய்ப் பிடிக்க வேண்டும், எஞ்சின் கூடாது. 20 ராத்தலுக்கு மேல் தாங்கும் கயிறும் கூடாது; முள்ளில்லாத ஒற்றைக் கொக்கிதான். மீனுக்கும் தப்ப வழி கொடுத்து நியாயமாகப் பந்தயம் நடத்துகிறோம் என்பது அவர்கள் எண்ணம். மனிதன் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்வது பாராட்டத் தக்கதுதான். ஆனால் பந்தயம் என்றால் இரு தரப்பும் இசைந்திருக்க வேண்டும். மீன் அந்தச் சங்கத்தில் அங்கத்தினர் ஆகவில்லையே!

இனி வரம்பைப் பற்றிச் சொல்வோம். அந்தக் கடலில் ஒரு நாளைக்கு ஒருவர் வைத்துக்கொள்ளும் சால்மன் எல்லா வகையும் சேர்த்து 4 என்பது பொது வரம்பு. அதற்குள் வகைக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சினூக் ஒன்றை வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே அனுமதிச் சீட்டில் பதிந்துவிட வேண்டும். நாம் பற்று எழுதுவதைப் போலத்தான். சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் மறதி வரும், மறதிக்குப் பின் ஆசை வரும். ஆனால் நடுக்கடலில் யார் பார்க்கிறார்கள்? அதிகாரியின் படகு எல்லா வளைவிலும் நிற்பதில்லை.

இங்கேதான் ‘அஃராஃப்’ அத்தியாயத்தில் வரும் கடலோர ஊராரின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. மீன்களோ அந்த ஒரு நாளில்தான் நீர்மட்டத்தில் கூட்டங்கூட்டமாக வந்தன. வெள்ளியன்று வலையைப் போட்டுவைத்து ஞாயிறன்று இழுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். ஏட்டில் பார்த்தால் சனிக்கிழமை சுத்தமாக இருந்தது. அவர்கள் தண்டனைக்கு ஆளானார்கள். மீன் ஓர் ஊரையே சோதித்த வரலாறு அது. எவரும் காணாத இடத்தில் அளவுக்கு ஒரு விரற்கடை குறைந்த மீனைத் தண்ணீரில் விடுகிறவன், கடையில் ஆளில்லாத வேளையிலும் படிக்கல்லைச் சரியாக வைக்கிறவனுக்கு உடன்பிறந்தவன்.

மற்றவர் ஹக்கும் இதில் இருக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990இல் ஸ்பாரோ வழக்கில் ஒரு வரிசையை உறுதி செய்தது. மீன்குலம் அழியாமல் காப்பது முதலாவது. அடுத்தது அந்த மண்ணின் ஆதிக்குடிகள் உணவுக்கும் சடங்குக்கும் பிடிக்கும் உரிமை. அதற்குப் பிறகே வியாபாரத்துக்கும் விளையாட்டுக்கும் பங்கு. நம்மிடையே ஒருவர் மௌத்தானால் அடக்கச் செலவு, கடன், பிறகு வஸிய்யத், அதன் பின்பே வாரிசுகளின் பாகம் என்று வரிசை உண்டல்லவா? கடனைத் தீர்க்காமல் பாகம் பிரிப்பவனை நாம் என்னவென்று சொல்வோம்?

மனிதரல்லாத பங்காளியும் அங்கே உண்டு. அக்கடலில் திரியும் ஓர்க்காத் திமிங்கிலங்களில் தெற்குக் கூட்டம் எனப்படுவது 80க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அவற்றின் முக்கிய இரை சினூக் மீன்தான். சினூக் குறைந்ததும் அவற்றின் இளைப்புக்கு ஒரு காரணம். பூமியில் ஊரும் எல்லா உயிருக்கும் ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ் என்று நம்புகிறோம். அந்தத் திமிங்கிலத்தின் ரிஸ்கை நம் விளையாட்டு இடைமறிக்கலாமா? 2019இல் கனடா சர்க்கார் தென்பகுதிக் கடலில் சில மாதங்களுக்குச் சினூக் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று தடுத்தது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 30 என்றிருந்த அளவை 10 ஆகக் குறைத்தது. ஆறுகளில் இளைத்துப்போன மீன்குலத்தைக் காக்கவே அது செய்யப்பட்டது. படகு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களுக்கு அது பெருத்த நஷ்டம். வியாபாரிகளாகிய நாம் அந்த நஷ்டத்தைச் சிறிதாகப் பேசக் கூடாது. ஆனாலும் முதலே அழிந்த பிறகு லாபம் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் தூரத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பிள்ளைகளும் விடுமுறை நாட்களில் தூண்டிலோடு படகேறுகிறார்கள். கோல ரொம்பின் கடலில் மயில் மீனைப் பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுவதற்கென்றே தூரதேசத்தாரும் வருகிறார்கள். பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லவில்லை. புறப்படும்போது, “யார் உண்ணப் போகிறார்கள்? எத்தனை போதும்?” என்று கேட்டு அனுப்புவோம். பதிலுள்ளவன் போய்வரட்டும், அவன் கொண்டுவரும் மீனை நாமும் மகிழ்ந்து உண்போம். ‘உண்ண அல்ல, சும்மா இழுத்துப் பார்க்கத்தான்’ என்கிறவன் கரையிலே காற்று வாங்கட்டும். கடல் அழகு கரையிலிருந்தும் தெரியும்.

போதும் என்ற சொல்லைச் சரியான வேளையில் சொல்லத் தெரிவது வியாபாரத்திலும் கடினம், கடலிலும் கடினம். அந்தச் சொல்லை நம் நாவிலும் நம் மக்கள் நாவிலும் எல்லாம் வல்ல அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக! நம் தேட்டத்தில் பரக்கத்தையும், வாயில்லா உயிர்களிடத்தில் நமக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.