அலங்கார ஆட்டுக்கல்

போடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், இந்தப் பக்கம் பொட்டிபுரம் வரை, புது வீடு கட்டுகிறவர்களிடம் கொஞ்ச காலமாக ஒரு ஆசையைப் பார்க்கிறேன். அடுப்படி ‘அந்தக் காலத்து மாதிரி’ இருக்கணும். ஆத்தங்குடி டைல்ஸ் தரை, காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய எனாமல் தூக்குகள், மூலையில் ஆட்டுக்கல், அதன் குழிக்குள் மணி பிளான்ட். பக்கத்திலேயே சிம்னி, மைக்ரோவேவ். என் தொழிலில் இதைத் ‘தீம்’ என்போம். உள்ளே ஓடுவது புதுசு, தோல் மட்டும் பழசு.

அழகாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒருத்தர் பாடுபட்ட கருவியை இன்னொருத்தர் அலங்காரமாக வைத்துக்கொள்வது சரிதானா என்ற கேள்வி விடமாட்டேன் என்கிறது.

ஏலக்காட்டு வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் போய் இருட்டும்போது திரும்புகிற பெண்கள் இங்கே நிறைய. அப்படி முப்பது வருடம் போன என் பெரியம்மாவிடம், உறவுக்காரர் வீட்டு ஆட்டுக்கல்லைக் காட்டி “நல்லாருக்கா பெரியம்மா?” என்றேன்.

“காட்டுலருந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு இதுல மாவாட்டுனவகளக் கேளு, நல்லாருக்கா இல்லையான்னு.”

சொல்லிவிட்டு, செடியை ஓரமாக எடுத்து வைத்து, கீழே கிடந்த குழவியைத் தூக்கிக் குழியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தார். அவர் சொன்னதை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அந்தச் சுற்றைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது ‘இலவசம்’ என்று கேலி பேசியவர்களில் மாவாட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? யோசித்துப் பார்த்தால் கிரைண்டர் விசித்திரமான பொருள். உள்ளே இருப்பது அதே கல்தான். கோயம்புத்தூர்க்காரர்கள் கல்லை அப்படியே வைத்துக்கொண்டு கைக்குப் பதில் மோட்டாரை மாட்டினார்கள். மாவும் கிட்டத்தட்ட பழைய பதத்தில் வருகிறது. மரபைக் காப்பது என்றால் எனக்கு அதுதான் தோன்றுகிறது. ஆனால் கிரைண்டரை யாரும் ரெட்ரோ என்பதில்லை!

ஃபிராங்க்ஃபர்ட்டில் 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையும் அடுப்படியில் நடக்கும் நடையைக் குறைக்கச் செய்ததுதான். இன்று அப்படி ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பொருளுக்குப் பக்கத்தில் யார் செய்தது, எதற்கு என்று ஒரு அட்டை இருக்கும். வீட்டில் அட்டை கிடையாது, வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எதைச் சொல்வார்கள்? விறகுப் புகையை எந்தத் தீமிலும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த அடுப்படி வாசலைத் தாண்டி எந்தச் சாதிக்காரர் வரலாம், யார் வரக்கூடாது என்று இருந்த கணக்கும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.

அதற்காக வைக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்தில் அம்மி மிதிக்கிற ஊர் இது, இங்கே கல் என்றைக்குமே வெறும் கருவியாக இருந்ததில்லை. ஆட்டினவர்கள் அதே வீட்டில் உயிரோடு இருக்கும்போது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைப்பதுதான் உறுத்துகிறது.

பெரியம்மா வீட்டில் அம்மி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மீன் குழம்புக்கு அதில்தான் அரைப்பார், யாரும் சொல்லி அல்ல. ஆட்டுக்கல் மட்டும் கிரைண்டர் வந்த மறுநாளே கொல்லைக்குப் போய்விட்டது. அதில் கோழிக்குத் தண்ணி வைக்கிறார்.