சம்பளத்தில் தெரிந்த சிநேகம்

தொடர் முடியும் நாளில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். எதிரே கேமரா இருந்தால் கண்ணீருக்கா பஞ்சம்? அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘தி பிக் பேங் தியரி’ 12 சீசன்கள், 279 எபிசோடுகள் ஓடி, 2019 மே மாதம் முடிந்தபோதும் அழுதார்கள். எனக்கு அவர்களுடைய சம்பளக் கணக்குதான் பெரிதாகப் படுகிறது. ஆரம்பம் முதல் நடித்த ஐவருக்கும் எபிசோடுக்கு 10 லட்சம் டாலர். பிறகு வந்து சேர்ந்த மயிம் பியாலிக், மெலிசா ராவ்ச் இருவருக்கும் அதில் சிறு பங்குதான். 2017இல், கடைசி இரண்டு சீசன்களுக்குப் பேச்சு நடந்தபோது, ஆளுக்கு ஒரு லட்சம் டாலரைக் குறைத்து அந்த இருவருக்கும் கொடுங்கள் என்று ஐவரும் முன்வந்தார்கள். பணம் என்றால் அண்ணன் தம்பியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உலகம் இது!

அதற்காக எல்லாம் தேனும் பாலுமாக முடிந்துவிடவில்லை. அந்த ஐவரில் ஒருவரான ஜிம் பார்சன்ஸ் ‘போதும்’ என்றார். அவர் இல்லாமல் வேண்டாமென்று தொடரையே நிறுத்தினார்கள். ஐவரில் இன்னொருவரான, இன்னும் ஓராண்டு நடிக்கத் தயாராக இருந்த கேலி குவோக்கோவுக்கு அது பேரதிர்ச்சி.