அறியாமல் தந்தது தானமாகுமா?

ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். மருந்து வழங்குபவர் ஔஷத தானி எனில், அம்மருந்து பயன் தருமா என அறியத் தம் உடலையே அளிக்கும் நோயாளியை என்னென்பது?

1998ஆம் ஆண்டு அமெரிக்காவில், 'இமாட்டினிப்' என்னும் மருந்து முதன்முதலாக ஒருவகை இரத்தப் புற்றுநோயாளர்க்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் தோன்றும் பிழையான மரபணுவே அந்நோய்க்கு மூலம். அது உண்டாக்கும் புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பது இம்மருந்து. 83 பேருக்கு, நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் தொடங்கி 1,000 மில்லிகிராம் வரை அளவைப் படிப்படியாக உயர்த்தினர். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் சீரடைந்தன. சிற்றளவு பெற்று முதற்படியில் நின்றோர் இன்றேல் ஏற்ற அளவு அறியப்பட்டிராது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் முதலாக எங்கு இம்மருந்தை உண்டு வாழ்பவரும் அவர்களுக்குக் கடன்பட்டவரே.

எல்லாச் சோதனைகளும் இவ்வாறு முடிவதில்லை. தொடக்கநிலைச் சோதனையின் முதல் நோக்கம் தாங்கக்கூடிய அளவைக் கண்டறிதலே, குணப்படுத்துதல் அன்று. அதை அறிந்து இசைபவர் கொடையாளி. அறியாதவரிடம் பெறுவதோ, கொடுக்கப்படாததை எடுத்தலாகும். கள்ளாமை என்னும் அணுவிரதம் விலக்குவது அதனையே அன்றோ?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள நம் இல்லங்களில், தாய்க்கு முற்றிய புற்றுநோய் என்றதும், "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று பிள்ளைகள் வேண்டுவதுண்டு. அன்பினால் எழும் சொல்தான். ஆயினும், அத்தாயைச் சோதனையில் சேர்க்க மகன் கையொப்பமிடலாமா? பங்கேற்பவருக்கு விளங்குமாறு யாவும் உரைத்து, அவரிடமே எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள். விரும்பியபோது விலகவும் அவருக்கு உரிமை உண்டு. ஒப்புதல் தர இயலாதவர்க்கு மட்டுமே பிறர் கையொப்பமிடலாம். இயலாமை வேறு, சொல்லாமை வேறு.

"உண்மை உள்ளத்தைப் புண்படுத்துமே, அதுவும் இம்சையன்றோ?" என்பர் சிலர். புண்படுத்துவது பெரும்பாலும் சொல்லும் முறையே. அவர் கேட்கும் அளவிற்கு, கேட்கும் வேளையில், கைப்பற்றி அமர்ந்து சொல்லலாம். அறிய விரும்பவில்லை எனில் அதுவும் அவர் உரிமையே. அப்போது சோதனையைத் தவிர்த்து, வழக்கமான சிகிச்சையும் வலி தணிப்பும் அளித்தலே அறம்.

பெற்றோரின் பொருளைக் கேளாமல் தானம் செய்ய நாம் துணிவதில்லை. அவர்தம் உடலையும் அவ்வாறே மதிப்போமாக.