செக்யூலர் என்னும் சொல்

சரோஜினி நகரில் கூடிய அன்பர்களே! 'செக்யூலர்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாத்திகம் என்று சிலர் இகழ்வர். அதன் வேர் 'சேக்குலம்' என்னும் இலத்தீன் சொல்; தலைமுறை, காலம் என்பன அதன் பொருள். பின்னர் மடத்துக்குப் புறம்பான உலகியலை அது குறித்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதனை அரசமைப்பின் முகப்புரையில் சேர்த்தது. சமயச்சார்பற்ற என நாம் வழங்குவது அதுவே.

உலகியல் இழிவன்று. கோலியரான தீகஜாணு இல்லறத்தார்க்கு வழி கேட்டபோது, பகவன் புத்தர் முயற்சி, பொருட்காப்பு, நல்லோர் நட்பு, வரவுக்கேற்ற வாழ்வு ஆகிய நான்கையும் அருளினார். ஆலையில் உழைத்த நாம் இவற்றின் அருமையை அறிவோம்.

2005 அக்டோபர் 29 அன்று, தீபாவளிக்கு முன், இந்நகர்ச் சந்தையில் குண்டு வெடித்தது. அது எவர் மதத்தையும் வினவவில்லை. வீழ்ந்தோரைத் தூக்கும் கையும் வினவலாகாது. ஒரே காலத்தில் வாழ்கின்றோம் என்னும் உறவே போதும். சேக்குலம் என்பதும் அதுவே. அவ்வுறவை மைத்திரியால் காப்போமாக!